மணிபூரகம் நெருப்பா, நீரா? வயிற்றெரிச்சலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

நொய்யல்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். சில மாதங்களாக யோகா வகுப்புக்குப் போகிறேன். ஆசனங்களை நன்றாகவே சொல்லித் தருகிறார்கள். எனக்கு மேல்வயிற்றில், விலா எலும்புகள் கூடும் இடத்துக்குச் சற்றுக் கீழே எரிச்சல் இருக்கிறது. வெறும் வயிற்றில் அதிகம். ஏதாவது சாப்பிட்டால் அடங்கும், அப்புறம் பின்னிரவில் எழுப்பிவிடும்.

வகுப்பில் இதைச் சொன்னேன். "உங்களுக்கு சோலார் பிளெக்ஸஸ் சக்கரம், அதாவது மணிபூரகம், அடைபட்டிருக்கிறது. தன்னம்பிக்கை குறைந்தவர்களுக்கு இப்படித்தான் வரும்" என்றார்கள். மஞ்சள் உடை உடுத்த வேண்டுமாம், மஞ்சள் கல் பதித்த பதக்கம் போட வேண்டுமாம், தினமும் கபாலபாதியும் (மூச்சை வேகமாக வெளியே தள்ளும் பயிற்சி) 'ரம்' ஜபமும் செய்ய வேண்டுமாம். அதற்குத் தனி வகுப்பு, தனிக் கட்டணம்.

விநாயகர் அகவல் கேட்டு வளர்ந்தவள் நான், ஆறாதாரம், அதாவது உடம்பில் கீழிருந்து மேலாகச் சொல்லும் ஆறு சக்கரங்கள், எனக்குப் புதிதல்ல. நம் நூல்களில் மணிபூரகத்தைப் பற்றி உண்மையில் என்ன இருக்கிறது? மஞ்சள் நிறமும் தன்னம்பிக்கையும் அங்கே உண்டா? படித்தவர்கள் சொல்லுங்கள்.

வெள்ளைக்கோட்டு

அம்மா, சக்கரத்தைப் பற்றி மற்றவர்கள் பேசட்டும். நான் மருத்துவமனையில் வேலை செய்பவன், வயிற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வெறும் வயிற்றில் எரிகிறது, சாப்பிட்டால் தணிகிறது, பின்னிரவில் எழுப்புகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது குடல்புண். தலைவலிக்கோ மூட்டுவலிக்கோ வலி மாத்திரை அடிக்கடி போடுவீர்களா? மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறதா? எடை குறைகிறதா? எதற்காவது ஆம் என்றால் நாளைக்கே போய்க் காட்டுங்கள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாலும் இந்த வாரமே காட்டுங்கள். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் மாத்திரையில் குணமாகும்.

இன்னொன்று. சோலார் பிளெக்ஸஸ் என்பது இரைப்பைக்குப் பின்னால், பெருந்தமனியின் முன்புறத்தில் இருக்கும் நரம்புப் பின்னல். முதுகெலும்பில் கணக்கிட்டால் மார்பு முள்ளெலும்பு முடிந்து இடுப்பு முள்ளெலும்பு தொடங்கும் மட்டம், தொப்புளுக்கு நன்றாக மேலே. கணையப் புற்றுநோயில் வலி தாங்க முடியாதவர்களுக்கு நாங்களே இந்தப் பின்னலை ஊசி போட்டு அடைக்கிறோம். ஸ்கேனிலோ எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்டிலோ பார்த்துக்கொண்டு ஆல்கஹாலைச் செலுத்துவார்கள். வலிச் செய்தி மேலே போவது குறையும். பக்க விளைவாக ரத்த அழுத்தம் இறங்கலாம், சில நாள் வயிற்றுப்போக்கு இருக்கலாம். அடைத்ததால் தன்னம்பிக்கை போன நோயாளி யாரையும் நான் பார்த்ததில்லை. வலி குறைந்து வீட்டாரோடு உட்கார்ந்து பேசியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏட்டுச்சுவடி

நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இன்று எல்லோரும் சொல்லும் மணிபூரக வர்ணனைக்கு மூலம் பெரும்பாலும் ஒரே நூல்தான். பதினாறாம் நூற்றாண்டில் வங்காளத்தில் பூர்ணானந்தர் எழுதிய ஷட்சக்ர நிரூபணம். கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஜான் உட்ராஃப், ஆர்தர் அவலான் என்ற புனைபெயரில் 1919-இல் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். உலகம் முழுக்கப் பரவியது அந்த மொழிபெயர்ப்பு வழியாகத்தான்.

அதில் இருப்பது இது: தொப்புளின் வேர்ப்பகுதியில் பத்து இதழ்த் தாமரை. இதழ்கள் மழை கொண்ட மேகத்தின் நிறம். உள்ளே உதயசூரியனைப் போன்ற செந்நிற முக்கோணம், அதன் மூன்று பக்கமும் ஸ்வஸ்திகக் குறி. அக்கினியின் பீஜம், அதாவது விதையெழுத்து, 'ரம்', வாகனம் ஆட்டுக்கடா. திருநீறு பூசிய முதிய ருத்திரர், உடன் லாகினி என்ற சக்தி. இதழுக்கு ஒன்றாகப் பத்து சமஸ்கிருத எழுத்துகள்.

மஞ்சள் எங்கே? இல்லை. அந்த நூலில் மஞ்சள் எல்லாவற்றுக்கும் கீழே உள்ள முதல் சக்கரமான மூலாதாரத்து மண்ணுக்கு உரியது. சிவப்பில் தொடங்கி ஊதாவில் முடியும் வானவில் வரிசை இருபதாம் நூற்றாண்டில் மேற்கத்திய எழுத்துகளில் உருவாகிப் பரவியது. நம் சென்னை அடையாறில் இருந்து 1927-இல் சக்கரங்களைப் பற்றி நூல் வெளியிட்ட பிரம்மஞான சபையின் லெட்பீட்டர்கூட தொப்புள் மையத்துக்குச் சிவப்பின் சாயல்களும் பச்சையும் கலந்த நிறத்தைத்தான் சொன்னார். மஞ்சள் அவருக்கும் பிந்தியது.

மனநிலைக்கு வருவோம். இதழ்களோடு மனப்பாங்குகளைச் சேர்த்துச் சொல்லும் மரபு நம்மிடம் உண்டு, அது மேற்கிலிருந்து வந்ததல்ல. பதிமூன்றாம் நூற்றாண்டில் தேவகிரியில் சார்ங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரம் இசை நூல்தான் என்றாலும், நாதம் உடலில் எங்கிருந்து எழுகிறது என்று விளக்க சக்கரங்களைப் பேசுகிறது. மணிபூரகத்தின் பத்து இதழ்களுக்கு அது தரும் பட்டியல்: உறக்கம், வேட்கை, பொறாமை, கோள் சொல்லல், வெட்கம், பயம், அருவருப்பு, மயக்கம், மனக்கசடு, துயரம். படித்துப் பாருங்கள். இது அடைப்பு விழுந்தவர்களின் நோய்ப்பட்டியல் இல்லை. பிறந்த எல்லோருக்கும் இருப்பது. சீவன் அந்தந்த இதழில் தங்கும்போது அந்தந்தக் குணம் தோன்றும் என்பதுதான் அங்கே கருத்து.

அருணைவாசி

மணிபூரகம் அக்கினி ஸ்தானம் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே வந்ததில்லை. திருவாரூர் மூலாதாரம், திருவானைக்கா சுவாதிட்டானம், திருவண்ணாமலை மணிபூரகம், சிதம்பரம் அனாகதம், காளத்தி விசுத்தி, காசி ஆக்ஞை. ஆதாரத் தலங்கள் என்று பெரியவர்கள் சொல்லிக் கொடுத்த வரிசை இது. கார்த்திகையன்று மலை உச்சியில் கொப்பரையில் நெய்யூற்றித் தீபம் ஏற்றியதும், கீழே நிற்கும் அத்தனை பேர் கையும் தலைக்கு மேலே போகும். அந்த நேரத்தில் வயிற்றுக்குள் ஏதோ புரளும். அதை அனுபவித்தவர்களுக்கு நூல் வேண்டியதில்லை.

கடுக்காய்

அருணைவாசி ஐயாவுக்கு வணக்கம். சித்த மருத்துவம் படித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பாடத்தில் மணிபூரகம் நெருப்பு இல்லை, நீர்.

தமிழ்ச் சித்தர் மரபில் ஆதாரங்களுக்குச் சொல்லும் வரிசை வேறு. மூலாதாரத்தில் விநாயகர், ஓங்காரம். சுவாதிட்டானத்தில் பிரமன், மண், நகாரம். மணிபூரகத்தில் திருமால், நீர், மகாரம், பிறை வடிவம். அனாகதத்தில் ருத்திரன், தீ, சிகாரம். விசுத்தியில் மகேசுவரன், காற்று, வகாரம். ஆக்ஞையில் சதாசிவன், ஆகாயம், யகாரம். அதாவது நமசிவாய என்ற ஐந்தெழுத்து கீழிருந்து மேலே ஏறுகிறது. அந்த வரிசையில் மணிபூரகத்துக்கு 'ரம்' வராது, 'ம' தான் வரும்.

தீயைத் தமிழ்ப் பாட்டில் தேடினால் அது இன்னும் கீழே இருக்கிறது. நொய்யல்கரை அக்கா சொன்ன விநாயகர் அகவலிலேயே 'மூலாதாரத்தின் மூண்டெழு கனலைக் காலால் எழுப்பும்' என்று வருகிறதே. கால் என்றால் அங்கே மூச்சுக்காற்று. கனல் மூலாதாரத்தில், எழுப்புவது மூச்சு.

சித்த மருத்துவத்தின் 96 தத்துவங்களில் ஆதாரம் ஆறும் அடக்கம். வாதம், பித்தம், கபம், பத்து நாடி, பத்து வாயு எல்லாம் இருக்கும் அதே கணக்கில் ஆதாரங்களையும் வைத்திருக்கிறார்கள். அப்படி இருந்தும் வயிற்றெரிச்சலோடு ஒருவர் வந்தால் எங்கள் ஆசிரியர்கள் மணிபூரகம் என்று ஆரம்பித்து நான் கேட்டதில்லை. நாடி பார்ப்பார்கள், நாக்கைப் பார்ப்பார்கள், எப்போது சாப்பிடுகிறாய், இரவு எத்தனை மணிக்குத் தூங்குகிறாய் என்று கேட்பார்கள். அனற்பித்தம், அதாவது உணவைச் செரிக்க வைக்கும் பித்தம், மிகுந்திருக்கிறது என்பார்கள்.

கேள்விக்குறி

ஆளுக்கு ஒன்று சொல்கிறீர்கள். ஒருவருக்கு நெருப்பு, ஒருவருக்கு நீர், ஒருவருக்கு ருத்திரர், ஒருவருக்குத் திருமால். உடம்புக்குள் நிஜமாகவே இருக்கிற பொருளாக இருந்தால் எப்படி இத்தனை வேறுபாடு வரும்? கல்லீரலை யாரும் இரண்டு இடத்தில் வைக்கவில்லையே?

ஆரிய சமாஜத்தை நிறுவிய தயானந்த சரஸ்வதியின் தன்வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. கங்கையில் மிதந்து வந்த ஒரு பிணத்தைக் கரைக்கு இழுத்து, கத்தியால் அறுத்து, கையிலிருந்த யோக நூல்களின் வர்ணனையோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டிருக்கிறார். ஒன்றும் பொருந்தவில்லை. நூல்களைக் கிழித்து பிணத்தோடு சேர்த்தே ஆற்றில் விட்டுவிட்டார். அவர் வேதத்தை உயிராக மதித்த துறவி. அவருக்கே அப்படித் தோன்றியிருக்கிறது.

ஏட்டுச்சுவடி

கேள்விக்குறி, நீங்கள் கேட்டது சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. வேறுபாடு நீங்கள் சொன்னதைவிட ஆழமானது. தேவியைப் பாடும் சமஸ்கிருதத் துதியான சௌந்தர்ய லஹரியைப் பாருங்கள், தினமும் பாராயணம் செய்கிறவர்கள் இங்கேயே இருப்பார்கள். ஒன்பதாவது சுலோகத்தில் மண் மூலாதாரத்தில், நீர் மணிபூரத்தில், தீ சுவாதிட்டானத்தில், காற்று இருதயத்தில் என்று வருகிறது. வங்காள நூலில் இருப்பதற்கு நேர் மாறு. பதினான்காவது சுலோகம் ஒவ்வொரு தத்துவத்துக்கும் கிரணங்களை எண்ணுகிறது: மண்ணுக்கு 56, நீருக்கு 52, தீக்கு 62, காற்றுக்கு 54, ஆகாயத்துக்கு 72, மனத்துக்கு 64. கூட்டினால் 360, ஒரு வருடத்தின் நாள்கணக்கு. நாற்பதாவது சுலோகம் மணிபூரத்தில் மின்னலோடு கூடிய கருமேகத்தைத் தியானிக்கச் சொல்கிறது. கீழே தீயில் வெந்த உலகத்தின் மேல் அந்த மேகம் மழை பொழிகிறது.

பூர்ணானந்தரும் இதழ்களுக்கு மழைமேக நிறத்தைத்தானே சொன்னார்? ஒரு நூலில் மேகம் மேலே, தீ கீழே. இன்னொன்றில் மேகத்துக்குள்ளேயே தீ. எனக்கு இந்த இடம் மிகவும் பிடித்தது. இரண்டு மரபுகளும் ஒரே காட்சியைப் பக்கத்துப் பக்கத்தில் நின்று பார்த்தது போல இருக்கிறது.

அருணைவாசி சொன்ன தல வரிசையிலும் இதே வேலை நடந்திருக்கிறது. ஆரூர் மண், ஆனைக்கா நீர், அண்ணாமலை தீ என்பது வரை சக்கர நூலோடு ஒத்துப்போகிறது. அப்புறம் சிதம்பரம் ஆகாயத் தலம், ஆனால் அனாகதத்துக்கு நூலில் காற்று. காளத்தி வாயுத் தலம், ஆனால் விசுத்திக்கு நூலில் ஆகாயம். வரிசை அங்கே இடம் மாறிவிட்டது. யாரும் அதைப் பிழை என்று திருத்தவில்லை, திருத்த வேண்டிய தேவையும் இல்லை. தில்லைக் கூத்தன் இதயத்தில் ஆட வேண்டும் என்பதுதான் அங்கே முக்கியம்.

ஆகவே என் பதில் இது. சக்கரம் என்பது சாதகர் தன் மனத்தால் அந்த இடத்தில் அமைத்துக்கொள்ளும் தியான மண்டபம். எந்தத் தெய்வத்தை, எந்த எழுத்தை, ஐம்பூதங்களில் எதை அங்கே நிறுத்துவது என்பது தீட்சை தரும் மரபைப் பொறுத்தது. கத்தியால் அறுத்தால் கிடைக்காது. அதே காரணத்தால்தான் அது அடைத்துக்கொண்டு நோய் தருகிறது என்பதும் நிற்காது. கட்டாத மண்டபத்துக்குக் கதவு எப்படி அடைபடும்? எண்ணிக்கை மட்டும் பெரும்பாலும் ஒத்துப்போகிறது. 'நாலும் இருமூன்றும் ஈரைந்தும் ஈராறும்' என்று திருமந்திரப் பாட்டு ஒன்று தொடங்கும்போது அந்த ஈரைந்து மணிபூரகத்தின் பத்து இதழ்.

திரிகடுகம்

நான் ஆயுர்வேத வைத்தியம் பார்ப்பவள். ஏட்டுச்சுவடி சொன்னதோடு இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆயுர்வேதத்தின் மூல நூல்களான சரகத்திலோ சுசுருதத்திலோ ஆறு சக்கர வரிசை கிடையாது. தொப்புள் உண்டு, அதுவும் மிக முக்கியமான இடத்தில். சுசுருதர் 107 மர்மங்களில், அதாவது உடம்பின் உயிர்நிலைகளில், நாபியை (தொப்புளை), அடிபட்டால் உடனே உயிர் போகும் மர்மங்களில் வைக்கிறார். சக்கரத்தின் குடத்தை ஆரங்கள் சூழ்ந்திருப்பது போல நாபியைச் சிரைகள் சூழ்ந்திருக்கின்றன என்கிறார். அங்கே சக்கரம் என்பது வண்டிச் சக்கரம்.

யோகமும் ஆயுர்வேதமும் தொப்புளில் கைகோக்கும் இடம் ஒன்று உண்டு. பதஞ்சலியின் யோக சூத்திரத்து மூன்றாம் பாதத்தில், நாபிச் சக்கரத்தில் மனத்தை நிறுத்தினால் உடலின் அமைப்பு விளங்கும் என்று ஒரு சூத்திரம். அதற்கு வியாசர் உரை எழுதும்போது எதை விளங்கிக்கொள்ளலாம் என்று விரிக்கிறார்: வாதம், பித்தம், கபம் என்ற மூன்று தோஷம், தோல், ரத்தம், தசை, நரம்பு, எலும்பு, மஜ்ஜை, சுக்கிலம் என்ற ஏழு தாது. வைத்தியப் பாடம்தான் அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆனால் எந்தத் திசையில் போகிறது என்று கவனியுங்கள். தொப்புளில் நிலைத்தவனுக்கு உடம்பு விளங்குகிறது. உடம்பு கெட்டால் தொப்புள் சக்கரம் கெட்டது என்று அவர் சொல்லவில்லை.

எங்களுக்கு வயிற்றுத் தீ என்றால் ஜாடராக்கினி. அதன் இருப்பிடம் கிரகணி என்ற குடல் பகுதி, நாபிக்கு மேலே என்று சரகம் தெளிவாகச் சொல்கிறது. ஐம்பூதங்களுக்குரிய பூதாக்கினி ஐந்து, தாதுக்களுக்குரிய தாத்வக்கினி ஏழு, ஜாடராக்கினி ஒன்று, மொத்தம் 13. ஜாடராக்கினி நான்கு நிலையில் இருக்கும்: சமம் (சீரானது), விஷமம் (ஒழுங்கற்றது), தீட்சணம் (கடுமையானது), மந்தம் (மெலிந்தது). நொய்யல்கரை, உங்களைப் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன். நீங்கள் எழுதியதைப் படித்தால் தீ மந்தமானவர் போலத் தெரியவில்லை. பித்தம் மிகுந்து தீட்சணமாக இருக்கலாம், மாதவ நிதானம் என்ற நோய்க்குறி நூல் அம்லபித்தம் (புளிப்பேறிய பித்தம்) என்று சொல்லும் நிலையாகவும் இருக்கலாம். அப்படியென்றால் "மணிபூரகத்தைத் தூண்டு" என்று சொல்லி இஞ்சி, மிளகு, பட்டினி, வேகமான மூச்சு என்று ஏற்றினால் எரிகிற தீயை விசிறுவதாகிவிடும். எனக்கு இதுதான் கவலை. கல்லும் மஞ்சள் புடவையும் காசைத்தான் கெடுக்கும், இது வயிற்றையே கெடுக்கும்.

புளித்த மாவு, ஊறுகாய், வற்றல் குழம்பு, கொள்ளு இவற்றைச் சில நாள் தள்ளி வையுங்கள். வேளை தவறாமல் சாப்பிடுங்கள். வெறும் வயிற்றில் காபி வேண்டவே வேண்டாம். மருந்து எது எடுத்தாலும் நேரில் காட்டிவிட்டு எடுங்கள்.

விரிப்பும் மூச்சும்

யோகா சொல்லிக் கொடுப்பவன் நான். திரிகடுகம் அம்மா சொன்னதை எங்கள் நூலே சொல்கிறது. ஹடயோகப் பிரதீபிகையில் கபாலபாதிக்குச் சொல்லியிருக்கும் பலன் கப தோஷத்தை உலர்த்துவது. பித்தத்துக்குப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது சீதளி, நாக்கைக் குழல் போல மடித்து மூச்சை உள்ளிழுக்கும் பிராணாயாமம். பித்த எரிச்சல் என்று வந்தவருக்குக் கபாலபாதியை ஏற்றுவது நூலுக்கும் பொருந்தாது, அனுபவத்துக்கும் பொருந்தாது.

அக்கினிசாரம், உட்டியானம், நௌலி மூன்றும் வயிற்றைப் பிழிகிற பயிற்சிகள். அக்கினிசாரத்துக்குக் கேரண்ட சம்ஹிதை தொப்புளை முதுகெலும்போடு நூறு முறை ஒட்ட வைக்கச் சொல்கிறது. ஆரோக்கியமான வயிற்றுக்கு எழுதியது அது. குடல்புண், குடலிறக்கம், உயர் ரத்த அழுத்தம், கர்ப்பம், சமீபத்திய அறுவை சிகிச்சை, இதில் எது இருந்தாலும் இவை கூடாது. மாதவிலக்கு நாட்களிலும் வேண்டாம். புதிதாக ஒருவர் வந்தால் விரிப்பை விரிக்கும் முன்னால் இதையெல்லாம் கேட்காமல் நான் ஆரம்பிப்பதே இல்லை.

காவிரிமணல்

இடையில் புகுந்ததற்கு மன்னியுங்கள். தொப்புளில் எண்ணெய் விட்டால் 72,000 நாடிக்கும் போகும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அது இந்த மணிபூரகத்தோடு சேர்ந்ததா?

ஏட்டுச்சுவடி

காவிரிமணல், நாடி என்றால் இங்கே உயிர்க்காற்று ஓடும் வழி, 72,000 என்ற எண்ணிக்கை பழைய யோக நூல்களில் உள்ளதுதான். ஆனால் கோரக்கர் பெயரில் உள்ள நூல் அந்த நாடிகளின் பிறப்பிடமாகச் சொல்வது கந்தம் என்ற முட்டை வடிவ இடத்தை, தொப்புளுக்குக் கீழே, குறிக்கு மேலே. எண்ணெய் பற்றி அங்கே பேச்சே இல்லை. சூட்டுக்குத் தொப்புளைச் சுற்றி விளக்கெண்ணெய் தடவுவது நம் வீட்டு வழக்கம், அதை வழக்கமாகவே வைத்துக்கொள்ளலாம். நாடிக் கணக்கை அதற்குச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம்.

நொய்யல்கரை

எல்லோருக்கும் நன்றி. மருத்துவரைப் பார்த்துவிட்டேன். எண்டோஸ்கோப்பியில் முன்சிறுகுடலில் புண் தெரிந்தது, கிருமியும் இருக்கிறதாம். மாத்திரை ஆரம்பித்தாயிற்று. தனி வகுப்புக்குப் பணம் கட்டவில்லை.

இரண்டு கேள்விகள் மட்டும். பயிற்சியை எப்போது தொடரலாம்? ஏட்டுச்சுவடி ஐயா எழுதியதைப் படித்த பிறகு மணிபூரகத்தில் தியானம் செய்ய ஆசை வந்திருக்கிறது. வயிற்றுக்காக இல்லை. பாராயணத்தில் சொல்லிக்கொண்டே போன வரிகளை இப்போது நின்று பார்க்கத் தோன்றுகிறது. எப்படித் தொடங்குவது?

விரிப்பும் மூச்சும்

நல்ல செய்தி. மாத்திரையை ஒரு வேளைகூட விடாமல் முடியுங்கள், நடுவில் எரிச்சல் நின்றுவிட்டது என்று நிறுத்திவிட வேண்டாம். அதுவரை எளிய கை கால் அசைவுகள், இடது பக்கம் சாய்ந்து ஓய்வு, இயல்பான மூச்சைக் கவனிப்பது போதும். குனிந்து வயிற்றை அழுத்துவது, குப்புறப் படுத்து வளைவது எதுவும் வேண்டாம். கிருமி போய்விட்டது என்று மறுபரிசோதனையில் தெரிந்து, மருத்துவரும் சரி என்ற பிறகு சீதளியில் தொடங்கலாம். உட்டியானத்தை அதற்கும் வெகுநாள் கழித்து, நேரில் ஒருவர் பார்க்கும்போது மட்டும் செய்யுங்கள்.

ஏட்டுச்சுவடி

வீட்டில் எது ஏற்கெனவே பழக்கமோ அதிலிருந்தே தொடங்குங்கள். லலிதா சகஸ்ரநாமம் சொல்பவர் என்றால் 'மணிபூராப்ஜ நிலயா' என்று தொடங்கும் நாமங்களில் நில்லுங்கள். மூன்று முகம், வஜ்ரம் முதலான ஆயுதங்கள், செந்நிறம், டாமரி முதலிய சக்திகள் சூழ்ந்திருப்பது, லாகினி என்ற பெயர். நடுவில் 'குடான்ன ப்ரீத மானஸா' என்று வரும், வெல்லச் சோற்றில் பிரியம் உள்ளவள். தசைக்கு அதிதேவதையாகவும் அங்கேயே சொல்கிறது. ஐந்தெழுத்து உபதேசம் பெற்றவர் என்றால் கடுக்காய் தம்பி சொன்னபடி மகாரத்தையும் திருமாலையும் நினையுங்கள். இரண்டையும் ஒரே அமர்வில் கலக்க வேண்டாம், ஒன்றின் பீஜத்தை இன்னொன்றின் தெய்வத்தோடு சேர்க்கவும் வேண்டாம். உபதேசம் எதுவும் இல்லையென்றால் பீஜத்தை விட்டுவிட்டு நாமத்தை மட்டும் சொல்லலாம், அதற்குத் தடையில்லை.

சௌந்தர்ய லஹரிதான் வழி என்றால் லக்ஷ்மீதரர் உரை கிடைத்தால் படியுங்கள். தேவி வழிபாட்டில் 'சமயம்' என்று பெயர் பெற்ற மரபைச் சேர்ந்தவர் அவர். மூலாதாரத்தையும் சுவாதிட்டானத்தையும் இருள் உலகங்கள் என்று கருதி, தேவி வெளிப்பட்டுத் தெரியும் முதல் இடமாக மணிபூரத்தையே வைக்கிறார். நாற்பதாவது சுலோகத்தின் மின்னலை அந்த உரையோடு சேர்த்து வாசித்துப் பாருங்கள்.